வலிக்கக் கூடாது

தனக்கு நாலு பாஷை தெரியும் என்று பழனிச்சாமி சொல்லிக்கொள்வார். தமிழ் பிறந்ததிலிருந்து வந்தது. இந்தி, குவைத்தில் ஷுவைக் லேத் பட்டறையில் கூட வேலை செய்த பெங்காலிகளும் பாகிஸ்தான்காரர்களும் கொடுத்தது. அரபி, விசா கொடுத்த கஃபீலிடமும் செக்கிங் போலீஸிடமும் பேசித் தப்பிக்கிற அளவுக்கு. நாலாவது மலையாளம்.

"அதையெல்லாம் தனியா படிக்கோணுமாக்கும்? நம்ம தமிழையே சித்த மூக்குல பேசினா மலையாளம்" என்பார்.

தங்கை ஜோதிமணி அதைக் கேட்டுச் சிரிப்பாள். "நீ பேசற மலையாளத்தைக் கேட்டா அவிங்களே தமிழ் கத்துக்கிட்டுப் போயிருவாங்கண்ணா."

"கிண்டல் பண்ணாத அம்மிணி. குவைத்துக்கு எனக்கப்புறம் வந்தவ நீ."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் பழனிச்சாமி. வெள்ளகோவில் பக்கம் ஒரு பட்டறையில் தொழில் பழகி, அந்தக் கையோடு குவைத்துக்கு வந்தவர். ஃபர்வானியாவில் ரூம். பட்டறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க் கறை படிந்துவிடும் என்று தெரிந்தும் சட்டையை இஸ்திரி போடாமல் டூட்டிக்குக் கிளம்பமாட்டார். கடைந்த தண்டில் மயிரிழை பிசகு இருந்தாலும் கஸ்டமர் கண்ணில் காட்டமாட்டார். நேராக மூலையில் கிடக்கும் டிரம்முக்குப் போகும். அந்த டிரம்மின் மேல் 'ரிஜெக்ட்' என்று பெயிண்டில் எழுதி வைத்ததும் அவர்தான். அளவு என்ன சொல்லப்பட்டதோ அதுதான் அளவு. கூடக் குறையச் செய்துவிட்டு விளக்கம் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. ஆனால் ரூமில் இருந்த மற்ற மூன்று பேரும் புகையிலேயே வாழ்ந்தார்கள். ஏசி ரூமில் ஜன்னலைத் திறக்க முடியாது. இஸ்திரி போட்ட சட்டையிலும் சிகரெட் வாசம் ஏறித்தான் இருக்கும். அதை நினைத்து அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு.

அவருடைய பெருமையெல்லாம் ஜோதிமணிதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பாவாடை சட்டையில் நின்ற பிள்ளையை வளர்த்துப் படிக்க வைத்தார். மங்காஃபில் ஒரு இந்தியப் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். கணவன் அய்யப்பன் ஒரு கம்பெனியில் டிரைவர். வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து மங்காஃபுக்குப் போவார் பழனிச்சாமி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் இறங்குவதற்குள் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும்: இவருடைய தங்கச்சி டீச்சர்.

அந்த ஜோதிமணிக்கு ரத்தப் புற்று வந்தது. மருந்து கொடுத்து ஒருமுறை அடக்கினார்கள். அடங்கியது அப்படியே நிற்காது, திரும்பி வரும், எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தையே மாற்ற வேண்டும் என்றார்கள். கூடப் பிறந்தவர்களின் ஸ்டெம் செல் பொருந்தினால் நல்லது. அவளுக்குக் கூடப் பிறந்தது இவர் ஒருவர்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முழுப் பொருத்தம்.

அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். "என்ற எலும்பும் அவ எலும்பும் ஒரே அளவுல கடைஞ்சதப்பா. தட்டி எறக்க வேண்டிய வேலையே இல்ல, அப்பிடியே போயி உக்காந்துக்கும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் எகிப்து நாட்டு டாக்டர் இங்கிலீஷில் விளக்கினார். அய்யப்பன் தனக்குப் புரிந்ததைச் சொன்னார். பழனிச்சாமியின் எலும்பைத் துளைக்கப் போவதில்லை. சில நாள் தொடர்ந்து ஊசி போடுவார்கள். அந்த மருந்து எலும்புக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு விரட்டிவிடும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றி, வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மற்ற கை வழியாகத் திருப்பி ஏற்றுவார்கள். அதே நாட்களில் மேல் மாடியில் தனி அறையில் ஜோதிமணிக்குக் கடுமையான மருந்து போகும். அவளுடைய எலும்புக்குள் இருப்பதையெல்லாம் அது அழித்துவிடும். அவளுடையது காலியாகி முடிகிற நாளில் இவருடையது போய்ச் சேர வேண்டும்.

"சேரலைன்னா?" என்று கேட்டார் பழனிச்சாமி.

"அதெல்லாம் சேர்ந்துரும், மச்சான்" என்றார் அய்யப்பன்.

ஊசி போட வந்தவள் அக்ஸா என்ற மலையாளி நர்ஸ். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அய்யப்பன் டூட்டிக்குப் போய்விட்டிருந்தார். அக்ஸா பக்கத்தில் வந்து கையைப் பிடித்தவள், மூக்கை லேசாகச் சுளித்துவிட்டுக் கேட்டாள்.

"சேட்டா, வலிக்குமோ?"

ஊசிக்குப் பயந்தவனா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் பழனிச்சாமி. நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கா? வலிக்காதுங்க சிஸ்டர்" என்றார்.

அவள் நம்பாத மாதிரி அவர் சட்டையைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னாள். "வலிக்கான் பாடில்லா, கேட்டோ. வலிச்சால் சரியாவில்லா."

பழனிச்சாமி தலையை ஆட்டினார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? வலிக்கக் கூடாது. வலித்தால் சரியாகாது.

அடுத்து அவள் கேட்டாள்: "வேதனை உண்டெங்கில் பறயணம். இப்போள் வேதனை உண்டோ?"

வேதனை இருந்தால் சொல்ல வேண்டுமாம். தங்கைக்குக் கொடுப்பதில் மனசுக்குள் வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறாள். பெரிய ஆஸ்பத்திரி அல்லவா, மனசையும் விசாரிக்கிறார்கள் என்று அவருக்கு மரியாதையாக இருந்தது.

"வேதனை எதுக்குங்க? சந்தோசமாத்தான் குடுக்கறேன். ஒரு வேதனையும் இல்லீங்."

அவள் கம்ப்யூட்டரில் அதைத் தட்டிவிட்டு ஊசியைப் போட்டாள். வலிக்கவில்லை.

மறுநாள் காலையில் இடுப்பு எலும்பில் ஆரம்பித்தது. ராத்திரி கோணலாகப் படுத்துவிட்டோம் என்று நினைத்தார். ரெண்டாவது ஊசிக்குப் பிறகு அது முதுகுத்தண்டில் ஏறியது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு நெஞ்செலும்பு, நாடி துடிக்கிறபோதெல்லாம் சேர்ந்து துடித்தது. சதையில் வரும் வலி அவருக்குப் பழக்கம். இது எலும்புக்கு உள்ளே இருந்து வெளியே தள்ளுகிற வலி. இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்து முறுக்குவதைப் போல இல்லை, அதற்கு எதிர்மாறாக, இரும்பே உள்ளேயிருந்து பெருத்து வைஸைப் பிளக்கிற மாதிரி.

மருந்து வேலை செய்தால் எலும்பு வலிக்கத்தான் செய்யும், ஊசி போட்டுக்கொள்கிற பலருக்கும் அப்படித்தான், ஒரு மாத்திரை போட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வலிக்கக் கூடாது. வலித்தால் சரியாகாது. சரியாகாதது எங்கே போகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த டிரம்மில் எழுதியவரே அவர்தானே.

தன்னை ரிஜெக்ட் செய்துவிட்டால் ஜோதிமணிக்கு வேறு ஆளில்லை.

ஆகவே அவர் நடையை மாற்றிக்கொண்டார். வார்டு வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். கதவுக்கு முன்னால் நின்று சட்டையை நீவிவிட்டு, நிமிர்ந்து, சாதாரணமாக உள்ளே போவார். அக்ஸா கேட்பாள், "வேதனை உண்டோ, சேட்டா?" இவர் சொல்வார், "இல்லவே இல்லீங்." அவளும் சந்தோஷப்படுவாள். இத்தனை சுலபமாகத் தாங்குகிறவரை அவள் பார்த்ததில்லை என்று டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பழனிச்சாமிக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காரில் கூட்டிப்போக வந்த அய்யப்பன்தான் கவனித்தார். "என்ன மச்சான், மொகமெல்லாம் வேர்க்குது? ஒரு பனடோல் போடுங்க."

"வேண்டா மாப்ள."

"போடுங்கன்னா."

"மாத்திரை போட்டா ரத்தத்துல தெரிஞ்சுரும். எதுக்குப் போட்டேன்னு கேப்பாங்க. நீங்க வண்டியப் பாத்து ஓட்டுங்க."

ஏதோ விரதம் மாதிரி இருக்கிறார் என்று அய்யப்பன் விட்டுவிட்டார்.

நான்காவது ஊசியன்று சாயங்காலம் ஜோதிமணி போன் செய்தாள். கடும் மருந்து முடிந்திருந்தது. வாயெல்லாம் புண், குரல் கரகரத்தது.

"நாளைக்கு உன்ற சரக்கு எனக்கு வந்துருமாண்ணா?"

"வந்துரும் அம்மிணி. வெளியே கிளம்பத் தயாரா நிக்குது."

"உன்ற ரத்தம் ஊற ஆரம்பிச்சா நானும் உன்னாட்டம் பனியனுக்கெல்லாம் இஸ்திரி போடுவனாட்ட இருக்குது."

"போடு, நல்லதுதான். அப்பிடியே மலையாளமும் வரும்."

அவள் சிரித்தாள். வாய் வலிக்க உடனே நிறுத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள், "ஊசி வலிக்குதாண்ணா? நெசத்தச் சொல்லு."

ரூம் கட்டிலில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார் அவர். இடது பக்க விலாவுக்குக் கீழே புதிதாக ஒரு வலி வந்திருந்தது. எலும்பு வலி மாதிரி இல்லை. இடது தோளின் நுனியில் ஆணி அடித்ததைப் போல வேறு இருந்தது. கையில் அடிபடவும் இல்லை, பளு தூக்கவும் இல்லை, தோள் எதற்கு வலிக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

"எனக்காவது, வலிக்கறதாவது? நீ போயித் தூங்கு சாமி" என்றார்.

மறுநாள் காலை மெஷின் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். ரெண்டு கையிலும் ஊசி ஏறியது. மெஷினைக் கவனித்துக்கொண்டவர் ஜான் பீட்டர், குளச்சல்காரர். அவர் தமிழில் பேசியதும் பழனிச்சாமிக்கு ஊர்க்காரரைப் பார்த்த தெம்பு.

"கையை மட்டும் அனக்கப்பிடாது, அசையாம வச்சிருங்க அண்ணே. நாலஞ்சு மணி நேரம் ஆவும். டிவி போடவா?"

"வேண்டாந்தம்பி. இதையே பாத்துக்கறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சக்கரம் சீராகச் சுற்றியது. தெளிந்த சத்தம், பேரிங் நல்ல பேரிங் என்று நினைத்தார். மேலே தொங்கிய பையில் தக்காளி ரசத்தின் நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர ஆரம்பித்தது. அதுதான் தங்கைக்குப் போகிறது. அந்தப் பையைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கயாம் வலிக்கா, அண்ணே?" என்று கேட்டார் ஜான் பீட்டர்.

ஊசி போட ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரியில் யாரும் அவரிடம் அந்தச் சொல்லில் கேட்டதில்லை. தோள் வெடித்துவிடும் போலிருந்தது. வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். பையைப் பார்த்தார். அடியில்தான் நிறைந்திருந்தது. இப்போது சொன்னால் மெஷினை நிறுத்திவிடுவார்கள். பை நிறையட்டும், நிறைந்த உடனே சொல்லிவிடலாம்.

"இல்லீங் தம்பி."

கொஞ்ச நேரத்தில் ஜான் பீட்டர் திரும்பிப் பார்த்தபோது பழனிச்சாமியின் உதடு வெளுத்திருந்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. மெஷினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டார். அக்ஸா ஓடி வந்தாள். டாக்டர் வந்து இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தியதும் பழனிச்சாமி அலறினார். அந்த ஊசிகளில் எங்கோ ஒருவருக்கு நேர்வது அவருக்கு நேர்ந்திருந்தது. மண்ணீரல் வீங்கிக் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தோள் வலி அதனால்தான் வந்தது.

"தோளு வலிச்சுதா? எப்பமிருந்து?" ஜான் பீட்டர் காதருகே குனிந்து கத்தினார்.

"நேத்திருந்து..."

"ஏன் சொல்லல்ல? அண்ணே, ஏன் சொல்லல்ல?"

"வலிக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. வலிச்சா சரியாகாதுன்னு... ரிஜெக்ட் பண்ணீராதீங்க தம்பி."

ஜான் பீட்டர் அக்ஸாவைப் பார்த்தார். ரெண்டு பாஷையும் பேசுகிற ஊரில் பிறந்தவர், அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது, புகை இழுப்பது. சட்டையில் சிகரெட் வாசம் அடித்த மனிதரைப் புகை பிடிக்கக் கூடாது என்று கண்டித்திருக்கிறாள் அந்தப் பெண். உடம்பு நோவுக்கு அவர்களுடைய சொல் வேதனை. அதைத்தான் அவள் தினமும் கேட்டிருக்கிறாள்.

ஜான் பீட்டர் மலையாளத்தில் அதை அவளிடம் சொன்னார். அவள் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. "ஞான் சோதிச்சதாணல்லோ... எல்லா திவசமும் சோதிச்சதாணல்லோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்டேனே, எல்லா நாளும் கேட்டேனே.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது பழனிச்சாமி பையைத்தான் தேடினார். "அது போதுமா, தம்பி? அது போதுமா?"

அது போதாது. வேண்டியதில் கால்பங்குகூட இல்லை. இருந்ததை அன்று சாயங்காலமே ஜோதிமணிக்கு ஏற்றினார்கள். வேறு ஆளைத் தேடி எடுத்து வர அவகாசம் இல்லை. மண்ணீரலை எடுத்துவிட்டுப் பழனிச்சாமியைக் கண் விழிக்க வைத்தபோது அவர் முதலில் கேட்டது, "மறுபடியும் ஊசி போடுங்க, நான் தாங்கிக்குவேன்" என்பதுதான். அந்த ஊசியை இனி அவருக்குப் போட முடியாது, எலும்பைத் துளைத்து எடுக்கவும் இந்த உடம்பு இப்போது தாங்காது என்று டாக்டர் சொன்னார்.

ஒரு மாடிதான் இடைவெளி. அண்ணன் கீழே, தங்கை மேலே. இவருக்கு எழுந்து நிற்க அனுமதி இல்லை, அவளுக்கு அறையைவிட்டு வெளியே வர அனுமதி இல்லை. அந்த மலையாளச் சொற்களின் அர்த்தத்தை ஜான் பீட்டர் வந்து இவருக்குச் சொல்லியிருந்தார். போனில் பேசினார்கள்.

"ஏண்ணா, வலிச்சா வாயத் தொறந்து சொல்லமாட்டியா?"

"நான் என்னத்தக் கண்டேன் அம்மிணி. அந்தப் புள்ள சொன்னது எனக்குப் புரிஞ்சுதுன்னு..."

"நாலு பாஷை தெரியும்னியே."

அவர் அழுதார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அழுவாத. சும்மா சொன்னேன். உள்ளே போனது கொஞ்சமா இருந்தா என்ன, உன்றதுதான? ஊற ஆரம்பிச்சிருச்சுன்னு தோணுது. எனக்கே ஒரே திமிரா வருது."

தினமும் காலையில் அவளுடைய ரத்தத்தைப் பார்த்தார்கள். வெள்ளையணு ஏறவே இல்லை. அய்யப்பன் படியிறங்கி வரும்போது அவர் கால் வைக்கிற சத்தத்திலேயே பழனிச்சாமிக்கு விஷயம் தெரிந்துவிடும். ஒருநாள் லேசாக ஏறியது. அன்று அய்யப்பன் ரெண்டு ரெண்டு படியாக இறங்கி ஓடி வந்தார். பழனிச்சாமி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவளால் போனில் பேச முடியவில்லை.

பை நிறைந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் அய்யப்பன் கேட்டார். முழுதாக ஏற்றியவர்களிலும் சிலர் காய்ச்சலில் போய்விடுவது உண்டு, என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். அந்தப் பதிலை அய்யப்பன் அப்படியே வந்து மச்சானிடம் சொன்னார். குற்றம் சொல்ல மனசில்லாமல்தான் சொன்னார். பழனிச்சாமிக்கு அது எந்தப் பக்கமும் உதவவில்லை.

உடம்பை ஊருக்கு அனுப்பும் நாளில் அவரை வீல்சேரில் வைத்துக் கீழே கூட்டிப்போனார்கள். அவர் விமானத்தில் போகக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் பார்த்தார். முடியெல்லாம் கொட்டி, சின்னப் பிள்ளையில் மொட்டை போட்டு வந்து நின்ற மாதிரியே இருந்தாள். அவர் தன் சட்டையின் நுனியால் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் துடைத்தார். சட்டை இஸ்திரி போட்டதுதான். அய்யப்பன் ரூமுக்குப் போய் எடுத்து வந்திருந்தார்.

வாசலில் அக்ஸா நின்றாள். பக்கத்தில் வரவில்லை. அவர் அவளைக் கூப்பிட்டு, "உங்க மேல தப்பில்லீங்" என்று தமிழில் சொன்னார். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள்.

வார்டில் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மதியம் டூட்டிக்கு வந்தது வேறு ஒரு நர்ஸ், வயதானவர், நடந்தது எதுவும் தெரியாதவர். தையலைப் பார்த்தார். டிரிப்பைச் சரி செய்தார். அங்கே எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"வேதனை உண்டோ, சேட்டா?"

பழனிச்சாமி அவரைப் பார்த்தார்.

"இருக்குங்க சிஸ்டர்" என்றார்.

"ஒருபாடு உண்டோ?"

"ரொம்ப இருக்குங்க."

அந்த அம்மாள் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்து கொடுத்தார். பழனிச்சாமி வாங்கி விழுங்கினார்.